கோழி எரு வரும் பக்கம்

மசனோபு ஃபுகுவோகாவின் ‘ஒற்றை வைக்கோல் புரட்சி’ 1975இல் ஜப்பானிய மொழியில் வந்தது. 1978இல் ஆங்கிலத்துக்குப் போய், பிறகு தமிழுக்கும் வந்தது. உழ வேண்டாம், உரம் வேண்டாம், கம்போஸ்ட்கூட வேண்டாம் என்கிறார். சாணமும் கோமியமும் இல்லாமல் இயற்கை விவசாயமே கிடையாது என்று ஜீவாமிர்தம் கலக்கும் நம் ஆட்களுக்கு இது அதிர்ச்சி. விலங்கே வேண்டாம் என்னும் வீகன் நண்பர்களுக்கோ கொண்டாட்டம்.

நானும் கொண்டாடினேன். இரண்டாவது தடவை படிக்கும்போதுதான் ஒன்று உறுத்தியது. வைக்கோல் மட்க அவரே கொஞ்சம் கோழி எரு தூவுகிறார்.

அவர் ஏமாத்துறார்னு சொல்ல வரலை. நான் படிச்சது இன்ஜினியரிங். உள்ளே வருவதும் வெளியே போவதும் கணக்கில் நேராகணும். வயலில் அவர் விதைக்கும் வெள்ளைக் குளோவர், காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணுக்குத் தருகிறது. எங்கள் எஸ்டேட்டுகளில் பால்மரக் கன்றுகளுக்கு நடுவே படரவிடும் பியூரேரியா கொடிக்கும் அதே வேலைதான். ஆனால் பாஸ்பரஸைக் காற்றிலிருந்து எடுக்க முடியாது. அறுத்த நெல்லோடு அது வயலைவிட்டுப் போய்விடும். எஸ்டேட்டில் அதைப் பாறை பாஸ்பேட் மூட்டையில் கொண்டுவந்தார்கள். ஃபுகுவோகாவுக்குக் கோழி கொண்டுவந்தது. மாடும் பாஸ்பரஸை உண்டாக்குவதில்லை. ஓரிடத்தில் மேய்ந்து இன்னோரிடத்தில் போடுகிறது, அவ்வளவுதான்.

அந்த ‘அவ்வளவுதான்’ என் பாட்டிக்குப் பெரிய விஷயம். ரெம்பாவ் பக்கம் ஓர் எஸ்டேட்டில் பால்மரம் சீவியவர். அவரிடம் ஒரு மாடு இருந்தது. எஸ்டேட் புல்லை அது மேயும். சாணம் லயத்துக்குப் பின்னாலிருந்த கீரைப் பாத்திக்குப் போகும். சொந்தமாக ஓர் அடி மண் இல்லாதவர், முதலாளி நிலத்துச் சத்தைத் தன் பக்கம் கொண்டுவர இருந்த ஒரே வழி அந்த மாடுதான். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, லயம் காலியானது, மாட்டையும் விற்றார்கள். அன்னிக்குப் பாட்டி சாப்பிடலைன்னு அம்மா இன்னும் சொல்வாங்க.

ஃபுகுவோகா அப்பாவின் நிலத்தில் பயிர் வைத்தவர். நிலம் இல்லாதவர் என்ன செய்வார் என்ற கேள்விக்கு இந்தப் புத்தகத்தில் இடமில்லை. அதன் பெரிய குறை இதுதான். கோழி எரு அல்ல.

விலங்கில்லாமல் விளைவிக்கலாம், அப்படித்தான் போகணும் என்றே இன்றும் நினைக்கிறேன். அதற்கு, நாம் தின்றது கழிவாகி மறுபடி மண்ணுக்குத் திரும்ப வேண்டும். திரும்பும் மண் யாருடையது என்றும் கேட்க வேண்டும்.

புத்தகத்தை வாசியுங்கள். கோழி எரு வரும் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் நின்று போங்கள்.