'ஃபெடரலிஸ்ட்' கட்டுரைகள்: உரைநூலா, வழக்குரையா?

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க அரசியலமைப்புச் சட்டத்திற்குரிய தலைசிறந்த விளக்கமாக மதிக்கப்படுவது, அலெக்சாண்டர் ஹாமில்டன், ஜேம்ஸ் மேடிசன், ஜான் ஜே ஆகிய மூவரும் 'பப்ளியஸ்' என்னும் புனைபெயரில் எழுதிய 'ஃபெடரலிஸ்ட்' கட்டுரைத் தொகுதியாகும். அதனை அச்சட்டத்தின் உரைநூலாகக் கொள்ளும் வழக்கம் பொருந்துமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. ஒன்றியத்திற்கும் மாநிலங்களுக்கும் இடையே அதிகார எல்லை குறித்துத் தகராறு எழும்போது முடிவாகத் தீர்ப்பவர் யார் என்னும் வினாவே ஆய்வின் மையமாகும். அத்தொகுதி ஒப்புதல் வேண்டி எழுதப்பட்ட வழக்குரை என்பதும், இவ்வினாவிற்கு அது தந்த விடையை அதன் ஆசிரியருள் ஒருவரே பின்னர் மறுத்தார் என்பதும், வினா தீராது நின்றதன் சுமை அடிமைப்படுத்தப்பட்ட மக்கள்மீது விழுந்தது என்பதும் இங்குக் காட்டப்படுகின்றன.

முதன்மைச் சொற்கள்: கூட்டாட்சி, இறைமை, ஒப்புதல், மேடிசன், புரூட்டஸ், அடிமைமுறை.

முன்னுரை

1787ஆம் ஆண்டு மே முதல் செப்டம்பர் வரை பிலடெல்பியாவில் கூடிய பேரவை, புதிய அரசியலமைப்புச் சட்ட வரைவு ஒன்றை உருவாக்கியது. பேரவையில் பங்கேற்ற 55 பேராளருள் 39 பேர் அதில் கையொப்பமிட்டனர். வரைவு நடைமுறைக்கு வருவதற்கு 13 மாநிலங்களுள் ஒன்பதின் ஒப்புதல் தேவைப்பட்டது. எதிர்ப்பு வலுவாக இருந்த நியூயார்க் மாநிலத்து மக்களை இணங்கச் செய்யும் நோக்கில், 1787 அக்டோபர் 27 முதல் அங்குள்ள செய்தித்தாள்களில் வெளிவரத் தொடங்கியவையே 'ஃபெடரலிஸ்ட்' கட்டுரைகள். மொத்தமுள்ள 85 கட்டுரைகளுள் ஹாமில்டன் 51, மேடிசன் 29, ஜே 5 எழுதினர் என்பது பெரும்பாலான ஆய்வாளர் ஏற்கும் பகுப்பாகும்.

உரையாசிரியர் ஒருவர், நிலைபெற்றுவிட்ட நூலின் பொருளைத் தெளிவிக்க முற்படுபவர். ஐயத்திற்கு இடமான தொடர்களை ஐயத்திற்கு இடமானவை என்றே காட்டி, பிறர் கொண்ட பொருளையும் எடுத்துரைத்துத் தம் முடிவைக் கூறுபவர். வழக்குரைப்பவரோ, தீர்ப்பு வெளிவருமுன் ஒரு பக்கம் நின்று பேசுபவர். தம் தரப்பிற்கு இடர் தரும் ஐயங்களைச் சுருக்கிக் காட்டுதல் அவர்தம் தொழிலின் இயல்பு. 'ஃபெடரலிஸ்ட்' இவ்விரண்டனுள் எவ்வகையைச் சாரும் என்னும் வினா வெறும் வகைப்பாட்டுச் சிக்கலன்று. நீதிமன்றங்களும் பல்கலைக்கழகப் பாடத்திட்டங்களும் அதனைச் சான்றாக எடுத்தாளும் முறையே இதன் விடையைப் பொறுத்தது.

'ஃபெடரல்' என்னும் சொல்

தொகுதியின் பெயரிலிருந்தே ஆய்வைத் தொடங்கலாம். 18ஆம் நூற்றாண்டு வழக்கில் 'ஃபெடரல்' என்னும் சொல், இறைமையுடைய அரசுகள் தம்முள் உடன்படிக்கை செய்து அமைத்துக்கொண்ட கூட்டையே பெரிதும் குறித்தது. 1781இல் நடைமுறைக்கு வந்த 'கூட்டமைப்பு விதிகள்' அத்தகைய ஏற்பாடே ஆகும். அதன் இரண்டாம் விதி ஒவ்வொரு மாநிலத்தின் இறைமையையும் வெளிப்படையாக உறுதிசெய்தது. பேராயத்திற்கு வெளிப்படையாக வழங்கப்படாத அதிகாரம் அனைத்தும் மாநிலங்களுக்கே உரியது என்றது. பேராயத்திற்கு வரிவிதிக்கும் அதிகாரம் இல்லை. விதிகளைத் திருத்துவதற்கு எல்லா மாநிலங்களின் இசைவும் வேண்டும்.

இந்நிலையை மாற்றி வலிய நடுவண் அரசை நிறுவ முனைந்தவர்களே 'ஃபெடரலிஸ்ட்' என்னும் பெயரைத் தமக்குச் சூட்டிக்கொண்டனர். பழைய பொருளில் அப்பெயருக்கு மிகுந்த உரிமையுடைய எதிர்த்தரப்பினர், 'எதிர்ப்பாளர்' என்னும் எதிர்மறைப் பெயரோடு வரலாற்றில் நின்றனர். பெயர் கொள்வதிலேயே வழக்கின் ஒரு பகுதி வெல்லப்பட்டது எனலாம். பிலடெல்பியா வரைவிலோ 'ஃபெடரல்', 'தேசிய', 'இறைமை' ஆகிய மூன்று சொற்களுள் ஒன்றும் இடம்பெறவில்லை என்பது இங்குக் கருதத்தக்கது.

தமிழில் பயில்வோர்க்கு இதனால் ஓர் இடர்ப்பாடு நேர்கிறது. நாம் இன்று வழங்கும் 'கூட்டாட்சி' என்னும் சொல், 1787க்குப் பிறகு உருவான பொருளைக் குறிப்பது. அப்பொருளை மனத்திற்கொண்டு 39ஆம் கட்டுரையைப் படிப்போர், அங்கு 'ஃபெடரல்' என்பது 'தேசிய' என்பதற்கு எதிர்ச்சொல்லாக நிற்பதைக் கண்டு மயங்குவர். எனவே அக்கட்டுரையைப் பற்றிய இடங்களில் 'கூட்டியல்பு', 'தேசிய இயல்பு' என்னும் சொற்கள் இங்கு ஆளப்படுகின்றன.

39ஆம் கட்டுரையின் ஐந்து அளவைகள்

புதிய அரசின் தன்மையை ஐந்து அளவைகளால் சோதிக்கும் மேடிசனின் 39ஆம் கட்டுரை, பகுப்பாய்வு முறையில் இன்றும் வியக்கத்தக்கது. மக்கள் தத்தம் மாநிலத்தவராக நின்று ஒப்புதல் அளிப்பதால் அரசின் அடித்தளம் கூட்டியல்புடையது. பிரதிநிதிகள் அவை மக்களிடமிருந்தும் செனட் மாநிலங்களிடமிருந்தும் அதிகாரம் பெறுதலின், அதிகார ஊற்று இருவகையும் கலந்தது. சட்டங்கள் மாநிலங்கள்மீதன்றித் தனிமனிதர்மீது நேராகச் செயற்படுவதால் அரசின் இயக்கம் தேசிய இயல்புடையது. அதிகாரங்கள் வரையறுக்கப்பட்டிருப்பதால் அவற்றின் பரப்பு கூட்டியல்புடையது. திருத்தும் முறை முற்றிலும் இரண்டனுள் ஒன்றாகாதது. ஓர் அரசை ஒற்றைச் சொல்லால் வகைப்படுத்தாமல் உறுப்பு உறுப்பாக ஆராய வேண்டும் என்னும் நெறியை இக்கட்டுரை வகுத்துத் தந்தது.

எனினும் நான்காம் அளவையில் ஒரு சிக்கல் உள்ளது. வரையறுக்கப்பட்ட அதிகாரத்தின் எல்லையை யார் அளப்பது? எல்லைத் தகராறுகளை முடிவாகத் தீர்க்கும் தீர்ப்பாயம் பொது அரசின்கீழ் அமையும் என மேடிசன் ஒத்துக்கொள்கிறார். அதனால் அடிப்படை மாறிவிடாது என்றும், அத்தகைய தீர்ப்பாயம் இன்றேல் வாளெடுக்கும் நிலையும் உடன்படிக்கையின் சிதைவும் நேரும் என்றும் கூறி மேற்செல்கிறார். ஐந்து அளவைகளைப் பொறுமையாக விரித்த கட்டுரை, அவற்றுள் ஒன்றையே ஆட்டங்காணச் செய்யக்கூடிய வினாவைச் சில வரிகளில் கடந்துவிடுகிறது. வழக்குரையின் இயல்பு இவ்விடத்தில் வெளிப்படுகிறது.

அவ்வினாவை விரித்துப் பேசியவர் எதிர்த்தரப்பினரான 'புரூட்டஸ்' ஆவார். 1787 அக்டோபர் முதல் 1788 ஏப்ரல் வரை நியூயார்க்கில் 16 கட்டுரைகளை எழுதிய இவர் யார் என்பதில் ஆய்வாளரிடையே கருத்தொற்றுமை இல்லை. தேவையும் பொருத்தமும் உடைய சட்டங்களை இயற்றலாம் என்னும் கூறும், ஒன்றியச் சட்டமே நாட்டின் தலையாய சட்டம் என்னும் கூறும் இணையும்போது மாநில அதிகாரம் படிப்படியாகத் தேயும் என்று இவர் வாதிட்டார். இம்மாற்றம் நீதிமன்றத் தீர்ப்புகள் வழியே, கண்ணுக்கு எளிதில் புலப்படாத வகையில் நிகழும் என்றும் எச்சரித்தார். வரைவை எதிர்த்தவர் என்னும் காரணத்தால் இவர் விளக்கவுரையாளராகக் கருதப்படுவதில்லை; எனினும் இவ்வொரு பொருளில், ஆதரித்தவரைவிடச் சட்டத்தின் போக்கைத் தெளிவாகக் கண்டவர் இவரே.

ஆசிரியரின் மறுப்பு

வழக்குரைப்பவர் வழக்கு முடிந்தபின் வேறு நிலைப்பாடு எடுத்தல் இயல்பே. மேடிசனின் எழுத்துகளில் அதனைக் காண்கிறோம். 44ஆம் கட்டுரையில், அதிகாரங்களை 'வெளிப்படையாக' வழங்கப்பட்டவை என வரையறுத்தல் நடைமுறைக்கு ஒவ்வாது என்றார். 1789இல் பத்தாம் திருத்தத்தில் அச்சொல்லைச் சேர்க்கும் முயற்சியையும் பிரதிநிதிகள் அவையில் எதிர்த்தார். ஆனால் 1791இல் ஹாமில்டன் முன்மொழிந்த தேசிய வங்கியை, அரசியலமைப்பு அத்தகைய அதிகாரத்தை வழங்கவில்லை எனக் கூறி எதிர்த்தார். 'பப்ளியஸ்' என்னும் ஒரே பெயருக்குள் இருந்த இருவர், சட்டம் நடைமுறைக்கு வந்து இரண்டாண்டுகளுக்குள் எதிரெதிர் நின்றனர்.

1798இல் அயலார் மற்றும் அரசத்துரோகச் சட்டங்கள் நிறைவேறியபோது இம்முரண் முற்றியது. மேடிசன் மறைவாக வரைந்து கொடுத்த வர்ஜீனியத் தீர்மானங்கள், அரசியலமைப்பை மாநிலங்கள் செய்துகொண்ட உடன்படிக்கையாகக் கண்டன. அதிகார வரம்பு அபாயகரமாக மீறப்படும்போது மாநிலங்கள் குறுக்கிட்டுத் தடுக்கக் கடமைப்பட்டவை என்றன. 1800இல் அவர் எழுதிய அறிக்கை, நீதித்துறையின் முடிவு அரசின் ஏனைய துறைகளைப் பொறுத்த அளவிலேயே இறுதியானது. உடன்படிக்கையின் உறுப்பினர்களாகிய மாநிலங்களைப் பொறுத்து அன்று என்று கூறியது. 39ஆம் கட்டுரையின் விடை இங்கு நேராக மறுக்கப்படுகிறது. தென் கரோலினா ஒன்றியச் சட்டத்தைச் செல்லாததாக்கும் கொள்கையை முன்னெடுத்த காலத்தில், 1830இல் எழுதிய புகழ்பெற்ற கடிதத்தில், அவர் மீண்டும் உச்ச நீதிமன்றத்தின் பக்கம் சாய்ந்தார்.

இதனை மேடிசனின் தனிமனித நிலையின்மையாகக் காண்பது முழுமையாகாது. விடையைப் பலவாறாகக் கூறச் சட்டத்தின் வாசகமே இடமளித்தது. ஒப்புதல் பெற வேண்டின் இடமளித்தே தீரவேண்டியும் இருந்தது. வர்ஜீனியாவில் 89க்கு 79, நியூயார்க்கில் 30க்கு 27 என்னும் வாக்கு வேறுபாட்டில் வரைவு ஏற்கப்பட்டதை நினைக்கும்போது, இறுதித் தீர்ப்புரிமையை ஐயமறக் கூறியிருப்பின் ஒப்புதல் கிடைத்திருக்குமா என்பது ஐயமே.

நீதிமன்றங்களின் கையில்

1819இல் மெக்கல்லக் எதிர் மேரிலாந்து வழக்கில், 'ஃபெடரலிஸ்ட்' கருத்துகள் மாநிலத் தரப்பில் எடுத்துக்காட்டப்பட்டன. அவை மிக்க மதிப்பிற்குரியவை என ஏற்ற தலைமை நீதிபதி ஜான் மார்ஷல், எழும் வழக்குகளில் அவற்றைப் பொருத்தும்போது அவற்றின் சரிமையை ஆராயும் உரிமை நீதிமன்றத்திற்கு உண்டு என்றார். பத்தாம் திருத்தத்தில் 'வெளிப்படையாக' என்னும் சொல் இல்லாமையைச் சுட்டி, வங்கியை நிறுவும் அதிகாரம் ஒன்றியத்திற்கு உண்டு என முடிவுசெய்தார்.

அண்மைக் காலச் சான்றும் உண்டு. கைத்துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியைச் சரிபார்க்குமாறு உள்ளூர்க் காவல் அலுவலரை ஒன்றியச் சட்டம் பணிக்கலாமா என்னும் பிரின்ஸ் எதிர் அமெரிக்க ஐக்கிய நாடுகள் வழக்கில், 1997இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு எனப் பிரிந்து, பணிக்க இயலாது எனத் தீர்ப்பளித்தது. பெரும்பான்மைத் தீர்ப்பு எழுதிய நீதிபதி ஸ்கேலியா, மேடிசனின் 39ஆம் கட்டுரையைத் துணைக்கொண்டார். மாறுபட்ட நீதிபதி சூட்டர், ஹாமில்டனின் 27ஆம் கட்டுரையைத் துணைக்கொண்டார். ஒரே நூல் இரு எதிர் முடிவுகளுக்கும் சான்றாக நின்றது, அதனை ஒருமைப்பாடுடைய உரைநூலாகக் கொள்ளுதல் இயலாது என்பதை உறுதிசெய்கிறது.

சுமையைச் சுமந்தோர்

இத்திறந்த வினா நெகிழ்ச்சியைத் தந்தது. அந்நெகிழ்ச்சியே அமெரிக்க அமைப்பின் நீடுவாழ்விற்குக் காரணம் என வாதிடுவோர் உண்டு. அவ்வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயின் நெகிழ்ச்சிக்குரிய விலையை யார் கொடுத்தனர் என்று கேட்பது திறனாய்வின் கடமை.

மக்கட்பேராளர் எண்ணிக்கையைக் கணக்கிட அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காகக் கொள்ளும் ஏற்பாட்டை ஆதரிக்கும் 54ஆம் கட்டுரையில், வாதத்தைத் தென்மாநிலத்தார் ஒருவரின் வாயில் வைத்துப் பேசுகிறார் ஆசிரியர்; அது சில இடங்களில் வலிந்து கூறப்பட்டதாகத் தோன்றினும் தமக்கு உடன்பாடே என முடிக்கிறார். மேடிசனே அடிமைகளை உடைமையாகக் கொண்டவர். ஏறத்தாழ ஐந்தில் இருவர் அடிமைகளாயிருந்த வர்ஜீனியா அவரது மாநிலம். முகமூடிக்குள் மற்றொரு முகமூடி தேவைப்பட்ட இடம் இது.

அடிமைமுறையைக் காத்த தரப்பு, மாநில உரிமையை என்றும் மாறாக் கொள்கையாகக் கொண்டதில்லை. தப்பியோடிய அடிமைகளை மீட்கும் 1850ஆம் ஆண்டுச் சட்டம், ஒன்றிய அதிகாரத்தை வட மாநிலங்களுக்குள் ஆழமாகச் செலுத்தியது. பிடிக்கப்பட்டவருக்கு நடுவர் குழு விசாரணை இல்லை. அவரை உரிமையாளரிடம் ஒப்படைக்க முடிவுசெய்யும் ஆணையருக்கு 10 டாலர். விடுவித்தால் 5 டாலர். இச்சட்டம் செல்லாது என்ற விஸ்கான்சின் உச்ச நீதிமன்றத்தின் முடிவை, ஏபிள்மன் எதிர் பூத் வழக்கில் 1859இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தள்ளியது. அவ்வாண்டே விஸ்கான்சின் சட்டமன்றம் 1798ஆம் ஆண்டுத் தீர்மானங்களின் மொழியைக் கையாண்டு அத்தீர்ப்பை எதிர்த்தது. 1832இல் ஒன்றியச் சுங்கச் சட்டத்தைச் செல்லாதென அறிவித்த தென் கரோலினாவோ, 1860 டிசம்பரில் பிரிவினைக்குக் கூறிய காரணங்களுள், வட மாநிலங்கள் ஒன்றியச் சட்டத்தைப் பயனற்றதாக்கின என்பதையும் வைத்தது. மேடிசன் தீர்ப்பாயத்தால் தவிர்க்க நினைத்த வாள், இறுதியில் உறையினின்றும் வெளிவந்தது.

இவ்வரலாற்றை இந்திய அரசியல் நிர்ணய அவை அறிந்திருந்தது. 1948 நவம்பர் 4 அன்று வரைவை முன்வைத்துப் பேசிய அம்பேத்கர், மாநிலங்களுக்குப் பிரிந்துசெல்லும் உரிமை இல்லை என்பதை நிலைநாட்ட அமெரிக்கர் உள்நாட்டுப் போர் புரிய நேர்ந்ததைச் சுட்டினார். அதனைத் தகராற்றிற்கு விடாமல் தொடக்கத்திலேயே தெளிவுபடுத்துதல் நன்று எனக் கருதியே 'ஒன்றியம்' என்னும் சொல் தேர்ந்துகொள்ளப்பட்டதாக விளக்கினார். 1787இன் மௌனத்தை ஒரு குறையாகக் கண்ட வாசிப்பு இது. அவ்வாறு தெளிவுபடுத்தியதால் மாநிலங்கள் இழந்தவை எவை என்பது தனி ஆய்விற்குரியது.

முடிவுரை

'ஃபெடரலிஸ்ட்' கட்டுரைகளை வழக்குரை எனல் அவற்றின் அறிவார்ந்த மதிப்பைக் குறைப்பதன்று. ஓர் அரசை அளவைகளால் பகுத்தாயும் நெறியை அவற்றினும் தெளிவாகக் கற்பிக்கும் நூல்கள் சிலவே. ஆயின் ஆக்கியோர் கருத்துக்கு ஐயமற்ற சான்றாக அவற்றைக் கொள்ளுதல், ஒரு தரப்பின் வாதத்தையே தீர்ப்பாகக் கொள்ளுதலாகும். அமெரிக்க அரசியலமைப்பைக் கற்பிக்கும் வகுப்புகளில் 39ஆம் கட்டுரையுடன் புரூட்டஸின் கட்டுரைகளும், மேடிசனின் 1800ஆம் ஆண்டு அறிக்கையும், 54ஆம் கட்டுரையும் சேர்த்துப் பயிலப்பட வேண்டும். அப்போதுதான், எல்லையை அளப்பவர் யார் என்னும் வினா ஏன் எழுந்தது, எவ்வாறு ஒத்திவைக்கப்பட்டது, எவரைத் தாக்கியது என்பவற்றை மாணவர் தாமே கண்டறிய இயலும்.