கிரீஸ்வீசலும் குற்றாலச் சாரலும்

அக்கா வீட்டுப் பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கியது ஆனி மாதத்தில். ஆரியங்காவுக் கணவாய்க் காற்றில் தென்காசியே ஈரமாக இருந்தது. பெட்டிக்குள் பழைய பிளாப்பிகள். லேபிள்களில் என் பள்ளிக்கூடக் கையெழுத்தில் ‘டேவ்’, ‘பிரின்ஸ்’. ஒன்றின் தகரக் கதவை நகர்த்தி, டார்ச் அடித்து, நடுவட்டைச் சுற்றிப் பார்த்தேன். தகட்டில் கோலமாவு சிந்தினாற்போல் பூஞ்சை.

“ஏல, பாச்சா உருண்டை போட்டுத்தானல வச்சேன்!” என்றாள் அக்கா. அது பூச்சிக்கு. பூஞ்சை அதை மதிக்காது என்று அவளிடம் சொல்லவில்லை.

நல்லவேளை, அந்த இரண்டு விளையாட்டுகளும், டேஞ்சரஸ் டேவும் 1990-இல் டாஸுக்கு வந்த பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவும், இமேஜ் கோப்புகளாக லேப்டாப்பில் இருக்கின்றன. அவற்றைத் திரும்பப் பிளாப்பியில் ஏற்றி, பழைய 486 கணினியில் அந்தக் கரகர சத்தத்தோடு ஓட்ட ஆசை. அதற்கு வாங்கியதுதான் கிரீஸ்வீசல் வி4: கெய்ர் ஃபிரேசர் உருவாக்கிய திறமூலக் கருவி. உள்ளங்கையில் அடங்கும் பலகை. ஒரு பக்கம் யுஎஸ்பி, மறுபக்கம் 34 பின் ரிப்பன் கேபிள்.

1.44 எம்பி டாஸ் பிளாப்பி மட்டும் போதுமென்றால் சாதாரண யுஎஸ்பி பிளாப்பி டிரைவே எழுதிவிடும். அதற்குத் தெரிந்தது 512 பைட் செக்டார்கள்தான். கிரீஸ்வீசலோ தகட்டில் காந்தத் திசை எந்த இடைவெளியில் மாற வேண்டும் என்ற அளவில் எழுதுகிறது. அதனால் அமிகா கணினியின் பிளாப்பியையும் எழுதும், பிபிசி மைக்ரோ கணினியின் பிளாப்பியையும் எழுதும். 1984-இல் ‘கிளாஸ்’ திட்டத்தில் நம் பள்ளிகளுக்கு வந்தது அந்த பிபிசி மைக்ரோதான்.

முதல் நாள் டிரைவ் அசையவே இல்லை. கேபிளில் முறுக்கு விட்ட முனையில் மாட்டியிருக்க வேண்டும். நான் நடு முனையில் மாட்டியிருந்தேன். மாற்றியதும் கட்டளை வரியில் 80 டிராக், இரண்டு பக்கம், வரிசையாக ஓடின. ஒவ்வொரு டிராக்கையும் எழுதிய கையோடு படித்துச் சரிபார்க்கிறது. பிடித்த குணம் இதுதான். அந்தக் காந்த இடைவெளிகளையே பதிந்து வைத்த ஃபிளக்ஸ் கோப்பை அப்படியே எழுதினால் மட்டும் இந்தச் சோதனை கிடையாது.

வம்பு பிளாப்பியில்தான். சோனி 2011-லேயே தயாரிப்பை நிறுத்திவிட்டது. கிடைப்பதெல்லாம் பழைய சரக்கு. வாங்கிய பத்தில் ஆறு தேறின. ஆசையில் ஒரு பூஞ்சைப் பிளாப்பியையும் செருகினேன். கீச்சென்று ஒரு சத்தம். அதன்பின் நல்ல பிளாப்பிகளும் பிழை காட்டின. ஹெட்டில் ஒட்டிய அழுக்கை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பட்ஸால் துடைத்தேன். பட்ஸ் பழுப்பாக வந்தது.

5.25 அங்குலத்துக்குப் போகிறவர்கள் 12 வோல்ட் மின்சாரமும் தர வேண்டும். 1.2 எம்பி டிரைவில் 360 கேபி பிளாப்பி எழுதுவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். அதன் ஹெட் மெலிது. பழைய தடத்தின் ஓரம் அழியாமல் நிற்கும், 360 கேபி டிரைவ் அதையும் சேர்த்துப் படித்துக் குழம்பும். 360 கேபி டிரைவையே தேடிப் பிடியுங்கள்.

கட்டளை வரிக்கு அஞ்சாதவர்கள் தாராளமாக வாங்கலாம். தேறிய ஆறும் இப்போது சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு எவர்சில்வர் தூக்கில் இருக்கின்றன. தூக்கு அக்காவுடையது, ஐந்தருவிக்குப் புளியோதரை கட்ட வேண்டுமாம், இரண்டு முறை கேட்டுவிட்டாள்.