நிழல் தந்த கலையும் பார்த்திருந்த எயினரும்

பாலைத் திணையைப் பற்றிப் பேசப் புகுந்தவர் எவரும் கலித்தொகையின் பதினொன்றாம் பாட்டைத் தொடாமல் மேடையை விட்டு இறங்குவதில்லை. பாலை பாடிய பெருங்கடுங்கோ என்னும் சேரர் குலத்துப் புலவர் அப்பாட்டில் கோடைக் காட்டின் காட்சிகள் மூன்றை வைத்துள்ளார். கன்று கலக்கிவிட்ட சிறிதளவு நீரையும் பிடிக்கு முதலில் ஊட்டிப் பின்னரே தான் பருகும் களிறு ஒன்று. வெயிலில் வாடிய பேட்டுக்குச் சிறகால் விசிறும் புறா ஒன்று. ஒதுங்க நிழலின்றி வருந்தும் பிணைக்குத் தன் உடலின் நிழலையே அளித்து நிற்கும் கலைமான் ஒன்று. இவையெல்லாம் அக்காட்டில் உண்டென்று தலைவர் முன்பு சொல்லியிருக்கிறார். ஆகவே அவற்றைக் கண்ட அளவில் அவர் நம்மை நினைந்து மீள்வார் என்று தலைவி தோழியிடம் ஆறுதல் கொள்கிறாள்.

இதற்குச் சொல்லப்படும் விளக்கம் நாம் அனைவரும் அறிந்ததே. விலங்குக்கே இவ்வளவு அன்பு இருக்குமாயின் தலைவனுக்கு எவ்வளவு இருக்கும்? தொல்காப்பியரே அன்பு தோன்றும் விலங்கின் செயலை இறைச்சியில் சுட்டுவது தலைவிக்கு வற்புறுத்தலாகும் என்று இலக்கணம் வகுத்துவிட்டார். உரையாசிரியர் அதை வழிமொழிந்தார். பேச்சாளர் கைதட்டல் பெற்றார். ஆனால், 'அந்தக் கலைமானைப் பார்த்தவர் யார்?' என்று ஒருவரும் கேட்பதில்லை. கோடைப் பகலில், நிழலற்ற காட்டில், மான் நிற்கும் நிலையைக் காணும் அளவு அதன் அருகில் ஒருவர் இருந்திருக்க வேண்டுமன்றோ? வழிப்போக்கரைக் கண்டால் மான் நில்லாது. காற்றின் போக்கறிந்து, அசைவின்றி, நெடும்பொழுது மறைந்திருந்தவர் கண்ணுக்கே அது தென்படும். அத்தகையவர் அந்நாளில் யாவர் என்பதே நாம் இக்கட்டுரையில் எழுப்பும் வினா.

விடை பத்துப்பாட்டிலேயே கிடக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடியிருப்பைக் காட்டுமிடத்து அவர்தம் வேட்டையையும் விரிக்கிறார். வானம் பொய்த்த காலம். மானின் குளம்புச் சுவடு பதிந்து வழிகள் ஒன்றோடொன்று மயங்கிக் கிடக்கின்றன. நீரை விரும்பித் தோண்டப்பட்ட குழியின் பக்கத்தே வேறொரு பள்ளத்தில் எயினர் உடலை ஒடுக்கி ஒளிந்திருக்கின்றனர். வாகைப் பூவைப் போல் வளைந்த கொம்புடைய பன்றி நீருக்கு வரும் வரவை நள்ளிரவில் எதிர்பார்த்திருக்கின்றனர். அவ்வேட்டை தப்பினால் பகலில் நாயும் வலையும் கொண்டு முயல் பிடிக்கச் செல்வர்.

இப்பகுதியில் நாம் நின்று நோக்க வேண்டியது பன்றியையன்று. அதற்கு முன் வரும் மானின் அடிச்சுவட்டை. எந்த விலங்கு எவ்வழியில் எப்பொழுது நீருக்கு வருகிறது என்பது கோடையிலேதான் தெளிவாகும். மழைக்காலத்தில் காடெங்கும் நீர். விலங்கு எங்கும் திரியும். கோடையில் நீர் சுருங்கச் சுருங்க வழிகளும் சுருங்கி, எல்லாத் தடமும் ஒரே சுனைக்கு வந்து சேரும். பார்ப்பவன் அலைய வேண்டுவதில்லை, அமர்ந்திருந்தால் போதும். குளிர்நாட்டு வேட்டைக்காரரும் இதே பயிற்சியுடையவரே. அங்கெல்லாம் மான் வேட்டைக்குச் சட்டம் வகுத்த பருவம் பெரும்பாலும் இலையுதிர் காலத்தில் தொடங்கும். தேர்ந்தவர் கோடையிலேயே சென்று மான் மேயும் இடத்தையும் நீர் அருந்தும் இடத்தையும் பார்த்து வைத்துக்கொள்வர். அப்பொழுது அந்நாட்டுக் கலைகளின் கொம்பு மென்மயிர்த் தோல் போர்த்து வளர்ந்துகொண்டிருக்கும்.

வானம் பொய்த்தபோது வேட்டை பெருகுவதற்கு நம் பக்கத்திலேயே சான்று உண்டு. நாம் வாழும் ஏரவாடாவில் உள்ள டெக்கான் கல்லூரியின் தொல்லியலார் 1968 முதல் 1983 வரை புனே மாவட்டத்துச் சிரூர் வட்டத்தில், கோட் நதிக்கரையிலுள்ள இனாம்காவ் என்னும் சிற்றூரை அகழ்ந்தனர். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட உழவர் ஊர் அது. அதன் பிற்காலத்தில் மழை குறைந்து விளைச்சல் தளர, ஆடு வளர்ப்பும் வேட்டையும் மிகுந்தன என்பது அகழ்ந்தோர் கண்ட முடிவு. தொண்டை நாட்டு எயினரின் பள்ளமும் தக்காணத்து உழவரின் எலும்புக் குவியலும் காலத்தாலும் இடத்தாலும் தொலைவிலுள்ளவை. எனினும் இரண்டும் பசியின் கதைகளே. நம்மிற் பலர் நாள்தோறும் கல்லூரி வாயிலைக் கடந்தே அலுவலகம் செல்கிறோம். அதனாற்றான் இதனை இங்கே குறித்தோம்.

இனிக் கலித்தொகைக் கலைக்கு வருவோம். அது எந்த மான்? தொல்காப்பிய மரபியல் ஆண்பாற் பெயர் கூறுமிடத்துக் கலை என்னும் பெயரைப் புல்வாய்க்கும் தருகிறது, உழைக்கும் தருகிறது. புல்வாயை வெட்டவெளியில் வாழும் திருகுகொம்பு மானாகவும் உழையைப் புள்ளிமானாகவும் கொள்ளலாம். இரண்டிற்கும் பெண் பிணையே; குட்டி மறியே. மராத்தியர் முன்னதைக் காளவீட் என்றும் பின்னதைச் சீதள் என்றும் வழுவாமல் பிரித்துச் சொல்கின்றனர். நம் வீட்டுப் பிள்ளைகளும் பள்ளித் தோழரிடமிருந்து அவ்விரு சொற்களையும் கற்றுவிடுகின்றனர். தமிழில் கேட்டால் இரண்டும் 'மான்' என்கின்றனர். குற்றம் அவர்களுடையதன்று. இரலை, கலை, நவ்வி, உழை, மரை என்று வரும் இடத்திலெல்லாம் 'மான் வகை' என்று ஒரே உரை எழுதிச் சென்ற நம் பாடநூல்களுக்கே அதிற் பெரும்பங்கு உண்டு.

பெயரைப் பிரித்தறிந்தால் பாட்டும் தெளிவு பெறுகிறது. குளிர்நாட்டுக் கலைக்குக் கோடை கொம்பு வளரும் காலம். காமம் எழும் காலமன்று. நம் புள்ளிமானோ அவ்வாறன்று. தென்னாட்டுக் காடுகளில் கோடையிலேயே பல கலைகள் கொம்பு முற்றித் தோலுரிந்து பிணையை நாடித் திரியும். பருவமெய்திய பிணையை அடைந்த கலை மேய்ச்சலையும் மறந்து அதன் பக்கத்தே நிற்கும். அது நகர்ந்தால் தானும் நகரும். ஆகவே கடுங்கோடையில் பிணையை ஒட்டி ஒரு கலை நிற்பது புலவர் புனைந்த பொய்யன்று, கண்டறிந்த மெய். அது நிழல் தரவே நின்றது என்பதுதான் புலவர் சேர்த்தது. சாய்வெயிலில் பக்கத்தே நின்றால் அதன் நிழல் பிணைமேல் விழத்தான் செய்யும். உச்சிப் பொழுதாயின் நிழல் காலடியிற் சுருங்கிவிடும். எவ்வளவு அன்பிருந்தும் பயனில்லை!

குறுந்தொகையிலும் இதற்கு உறவான காட்சியொன்று பாலைப் பாட்டில் வருகிறது. கவைத்த கொம்புடைய முதிய கலை மரப்பட்டையைக் காலால் உதைத்துப் பெயர்த்துத் தருகிறது. மறி தின்றபின் எஞ்சியதைத் தான் தின்று, அம்மறிக்கு நிழலாக நின்று வெயிற்பொழுதைக் கழிக்கிறது. பஞ்ச காலத்தில் மான் மரப்பட்டையைத் தின்பது காடறிந்தோர் கூறும் உண்மை. ஆனால் கலை தன் மறியை வளர்ப்பதில்லை. மறியைப் பேணுவது பிணையின் தொழில். அவ்வாறாயின் இக்காட்சி பொய்யோ? நாம் அவ்வாறு கருதவில்லை. இலையுதிர்ந்த காட்டில் கூட்டத்தின் நடுவே நின்ற மறி எங்கே நிழல் விழுந்ததோ அங்கே ஒதுங்கியது. நிழல் கலையினுடையதாயிற்று. மறி தேடிக்கொண்டதைக் கலை கொடுத்ததாகத் திருப்பிச் சொன்னது புலவர் உள்ளம். அந்தத் திருப்பத்திலேதான் பாட்டுப் பிறக்கிறது. கண்டது எது, கருதியது எது என்று பிரித்தறியும்போது பாட்டின் சுவை குறைவதில்லை. புலவர் செய்தது இன்னதென்று அப்பொழுதே நமக்கு விளங்குகிறது.

பதினெண்கீழ்க்கணக்கில் ஐந்திணை ஐம்பது இயற்றிய மாறன் பொறையனார் இன்னும் ஒருபடி மேலே செல்கிறார். சுனையில் உள்ள சிறு நீர் இருவர்க்கும் போதாதென்று எண்ணிய கலை, பிணை நிறையக் குடிக்க வேண்டித் தான் வாய் வைத்துக் குடிப்பதுபோல் நடிக்கிறதாம். மேடையில் இப்பாட்டுக்குக் கிடைக்கும் வரவேற்பு கலித்தொகைக்கும் கிடையாது. ஆயினும் நம் மதிப்பில் இது அதற்கு ஒருபடி கீழே. கலித்தொகைக் கலை நிற்கிறது, அவ்வளவே. இந்தக் கலையோ எண்ணுகிறது, கணக்கிடுகிறது, ஏய்க்கிறது. மானின் தோலுக்குள் ஒரு நல்ல குடும்பத் தலைவர் புகுந்துவிட்டார்.

இருந்தும் இங்கேயும் அடியில் ஒரு காட்சி உண்டெனக் கருத இடமிருக்கிறது. நீர்த்துறைக்கு வந்த மான் உடனே பருகாது. முகத்தைத் தாழ்த்தும், வாய் நீரில் படுமுன் சட்டெனத் தலை தூக்கிச் செவியைத் திருப்பும், மீண்டும் தாழ்த்தும், மீண்டும் தூக்கும். பக்கத்துப் பிணை குடித்துக்கொண்டிருக்க, கலை குடியாமலே குடிப்பதுபோல் தோன்றும். ஏன் அவ்வாறு செய்கிறது? புலி வருமோ என்ற அச்சம். மனித வாடை எங்கிருந்தோ வருகிறதே என்ற ஐயம். பெரும்பாணாற்றுப்படையின் பள்ளத்தில் ஒடுங்கியிருந்த எயினனை எண்ணிப் பாருங்கள். மான் குடியாமல் நின்றதற்கே அவன் காரணமாயிருக்கலாம். அதை அவன்தான் கண்டிருப்பான். ஊருக்குள் வந்து சொல்லியிருப்பான். சொல் கைமாறிக் கைமாறிப் புலவரிடம் சேர்ந்தபோது அச்சம் அன்பாகிவிட்டது.

கொல்ல வந்தவன் கண்ணிலிருந்தா இந்த அன்புப் பாட்டுக்கள் பிறந்தன என்று சிலர் முகம் சுளிக்கலாம். சுளிப்பதற்கு ஏதும் இல்லை. சேக்கிழார் கண்ணப்பர் புராணத்தில் வேடரின் வேட்டையைப் பாடும்போது, சிறு குட்டிகளைக் கொல்லாமலும் சூலுற்ற பிணைகளை வருத்தாமலும் விட்ட அவர்தம் நெறியையும் பாடுகிறார். ஓடும் மானிடைச் சூலுடையதை இனங்காணும் கண் ஒரு நாளில் வருவதன்று. கல்லாடனார் தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனைப் பாடிய புறப்பாட்டில் வேறொரு பிணை வருகிறது. கலையைப் புலி கொன்றுவிட, மறியை அணைத்துக்கொண்டு, பாழ்பட்ட வெளியில் வேளையின் வெண்பூவைக் கறித்து நிற்கிறது அது. எந்தப் பூவைத் தின்றது என்பதுவரை அப்பாட்டு அறிந்திருக்கிறது.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் நம் நாட்டில் மான் வேட்டைக்குப் பருவம் என்று ஒன்றில்லை. இருக்கவும் வேண்டா. ஆனால் பார்ப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனார் மா. கிருஷ்ணன் (1912-1996) துப்பாக்கிக்கு மாறாகக் காமிராவைச் சுமந்து காடு காடாகச் சென்று, தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினார். மகாராஷ்டிரத்து வனத்துறையினர் வைகாசி மாதத்துப் புத்த பூர்ணிமை இரவில் சரணாலய நீர்நிலைகளை அடுத்துப் பரண் அமைத்து, வரும் விலங்குகளைக் கணக்கெடுக்கும் வழக்கம் உடையவர். கோடையின் கடைசி, நீர் குறைந்த காலம், நிலவு நிறைந்த இரவு: எயினர் கணக்கும் இதுவே. பள்ளம் பரணாயிற்று, வில் இருந்த கையில் குறிப்பேடு வந்தது. பாராமதி வட்டத்துச் சுபே ஊரையடுத்த மயூரேசுவர் சரணாலயம் சிங்காரா மானுக்கென 1997-இல் அமைந்தது. நம் ஊரிலிருந்து ஒரு பகலில் போய் மீளலாம். நவ்வி என்ற சொல்லைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க விரும்புவோர் ஒருமுறை அங்கே சென்று வரலாம். சிங்காராதான் நவ்வி என்று நாம் சாதிக்க வரவில்லை; சொல்லுக்குப் பின்னே ஓர் உயிர் உண்டென்று அவர்கள் அறியட்டும்.

இவ்வரிசையில் நம் உள்ளத்தில் முதலிடம் பெறுவது மேடை ஏறாத பாட்டொன்று. புறநானூற்றில் வீரை வெளியனார் பாடிய 320-ஆம் பாட்டு. முன்னையும் முசுண்டையும் படர்ந்து பந்தலே வேண்டாதபடி நிழல் செய்த முற்றம். வேட்டுவன் அயர்ந்து உறங்குகிறான். காட்டு மானை ஈர்த்துப் பிடிப்பதற்காகப் பழக்கி வைத்த பெண்மான் ஒன்று அங்கே உண்டு. அத்தகைய விலங்குக்குப் பண்டைத் தமிழர் இட்ட பெயர் 'பார்வை'. கண்ணின் தொழிலுக்கும் பிடிக்கும் சூழ்ச்சிக்கும் ஒரே சொல்! காட்டிலிருந்து தனிக்கலை ஒன்று தானே வந்து அப்பிணையோடு கூடி விளையாடத் தொடங்குகிறது. வேட்டுவன் மனைவி அதைக் காண்கிறாள்.

கணவனை எழுப்பினால் வீட்டுக்கு உணவு. அவள் எழுப்பவில்லை. கணவன் விழித்துக்கொள்வானோ என்று அஞ்சுகிறாள். கலை பிணையை விட்டுப் போய்விடுமோ என்றும் அஞ்சுகிறாள். அன்பைப் பற்றி ஒரு சொல்லும் புலவர் கூறவில்லை. கலை நினைத்தது இன்னதென்றும் கூறவில்லை. மானுக்கு மனிதக் குணம் ஏற்றும் வேலையே இங்கில்லை. மனிதத்தி ஒருத்தி அசையாமல் நிற்கிறாள், அவ்வளவுதான். முற்றத்தில் மான்தோலின்மேல் தினை காய்கிறது. ஆளரவம் இன்மையால் கானக்கோழியும் இதற்பறவையும் ஆரவாரத்தோடு வந்து அதைக் கொத்தித் தின்கின்றன. அவற்றை ஓட்டக் கையசைத்தாலும் கலை ஓடிவிடும். அவள் ஓட்டவில்லை.