முதல் நிமிடத்துப் பச்சை

மலக்குடலில் கட்டி இருந்த பகுதியை வெட்டி எடுத்தாயிற்று. இனி மேலிருந்து இறக்கும் பெருங்குடலின் முனையைக் கீழே மிஞ்சிய பகுதியோடு இணைக்க வேண்டும். அந்த முனைக்கு இரத்தம் போதாவிட்டால் இணைப்பு விட்டுப்போகும், மலம் வயிற்றுக்குள் கசியும், உயிருக்கே ஆபத்து. குடல் இளஞ்சிவப்பாக இருக்கிறதா, அதைத் தாங்கும் சவ்வில் நாடி துடிக்கிறதா, வெட்டிய விளிம்பில் இரத்தம் கசிகிறதா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்தே அறுவை மருத்துவர்கள் காலங்காலமாக முடிவெடுத்து வந்தார்கள். தேர்ந்த கண்ணும் இதில் ஏமாறும்.

இண்டோசயனின் கிரீன் உதவுவது இங்கேதான். 1959-லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்ற பழைய சாயம் இது. அறுவைக் கூடத்தில் மயக்க மருத்துவர் சில மில்லிகிராம் சாயத்தைச் சிரையில் ஏற்றுகிறார். அகச்சிவப்புக் கேமராவின் திரையில் குடல் இருண்டு கிடக்கிறது. ஒரு நிமிடத்துக்குள் இரத்தத்தோடு பச்சை மெல்லப் பரவி வந்து ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. வெறும் கண்ணுக்கு அந்த எல்லையின் இரு பக்கமும் ஒரே நிறம்தான். மருத்துவர் வெட்ட வேண்டிய இடத்தை இரண்டு சென்டிமீட்டர் மேலே மாற்றுகிறார். இந்த ஒரு திருத்தத்துக்காகவே நான் இந்த முறையின் பக்கம் நிற்கிறேன்.

ஆனால் அதன்மேல் ஏற்றப்பட்ட நம்பிக்கை அளவு மீறியது. 2015-ல் வந்த 'பில்லர் 2' ஆய்வில் 139 பேரில் 11 பேருக்கு அறுவைத் திட்டம் மாறியது; கசிவு 1.4 விழுக்காடுதான். ஆனால் அதில் ஒப்பிட்டுப் பார்க்க மறுதரப்பு இல்லை. நோயாளிகளை இரு பிரிவாக்கி ஒப்பிட்ட 'பில்லர் 3' 2021-ல் வந்தபோது, சாயம் பயன்படுத்தியவர்களில் கசிவு 9.0, மற்றவர்களில் 9.6. வித்தியாசம் இல்லையென்றே சொல்லலாம். ஜப்பானின் 'எசென்ஷியல்' ஆய்விலோ 7.6-க்கு 11.8 என்று சாயம் வென்றது.

இந்த முரணில் எனக்கு வியப்பில்லை. இரத்தம் இப்போது வருகிறதா என்பதை மட்டுமே சாயம் காட்டும். கசிவோ பல நாள் கழித்து வெளிப்படுவது. இழுத்துக் கட்டிய இணைப்பு, ஊட்டக்குறைவு, புகைப்பழக்கம், முன்பே கொடுத்த கதிர்வீச்சு ஆகியவற்றை எந்தக் கேமராவும் காட்டாது.

இதைவிடப் பெரிய குறை வேறொன்று. சாயம் உமிழ்வது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. திரையில் நாம் பார்க்கும் பச்சை கருவி பூசிய நிறம். கேமரா நெருங்கினால் பச்சை கூடும், விலகினால் குறையும். சில நிமிடம் தாமதித்தால் பக்கத்துத் திசுவிலிருந்து சாயம் ஊறி, இரத்தம் குறைந்த பகுதியும் ஒளிரத் தொடங்கும். அப்போது பார்ப்பவர் நல்ல குடல் என்று நம்பிவிடுவார். இரத்த அழுத்தம் தாழ்ந்திருந்தால் நல்ல குடலிலும் பச்சை பிந்தும். எவ்வளவு பச்சை போதும் என்பதற்குப் பொதுவான அளவுகோலும் இல்லை, அதுவும் கண்மதிப்புதான்.

தாழ்ந்த மலக்குடல் இணைப்புகளில் இந்தச் சாயத்தைத் தயங்காமல் பயன்படுத்தலாம். ஆனால், அறுவைக் குறிப்பில் 'நன்றாக ஒளிர்ந்தது' என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். எவ்வளவு சாயம், கேமரா எவ்வளவு தூரத்தில், எத்தனையாவது வினாடியில் பச்சை வந்தது என்பதையும் எழுதுங்கள்.