மென்னீராக்கி வாங்குமுன் ஒரு பேனா

வெள்ளவத்தைத் தொடர்மாடிகளுக்கு மென்னீராக்கியும், கரைந்த உப்பை நீக்கும் ஆர்.ஓ. பில்டரும் விற்க வருபவர்கள் முதலில் நீட்டுவது டிடிஎஸ் மீற்றரைத்தான். தண்ணீரில் கரைந்த உப்பைக் கணிக்கும், பேனா அளவில் ஒரு சின்னக் கருவி. அதே கருவியையும் வன்மை பார்க்கும் பரிசோதனைத் தாளையும் வாங்கி, வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியிலும் கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய வீட்டிலும் தண்ணீரைப் பார்த்தேன்.

இரண்டு வீட்டுக் குழாயிலும் மீற்றரின் எண் நூறைத் தொடவில்லை. தாளும் மென்னீர் என்றே காட்டியது. கொழும்பின் குழாய்த் தண்ணீரில் பெரும்பகுதி களனி கங்கையிலிருந்து அம்பத்தளையில் எடுக்கப்படுகிறது. லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களும் கொடுக்கின்றன. எல்லாம் ஈரவலயத்து மழைநீர், சுண்ணாம்புக்கல்லில் ஊறி வருவதல்ல. யாழ்ப்பாணத்துக் கிணறு வேறு. அங்கே கேத்திலுக்குள் வெள்ளைப் படிவும், சவர்க்காரம் நுரைக்காத தலைமுழுக்கும் எங்களுக்குப் பழகிப்போனவை. அந்த வன்னீர்ப் பயத்தோடு கொழும்புக்குக் குடிவந்தவர்களிடம் மென்னீராக்கி விற்பது சுலபம். இலங்கைக் குடிநீர்த் தரமான எஸ்.எல்.எஸ். 614 மொத்த வன்மைக்கு லீற்றருக்கு 250 மில்லிகிராம் வரை இடம் தருகிறது. நான் பார்த்த குழாய்த் தண்ணீர் அந்த எல்லைக்கு எங்கோ கீழே நிற்கிறது. அதற்கு மென்னீராக்கி வீண் செலவு, ஆர்.ஓ. அதைவிட வீண், நல்ல தண்ணீரிலும் ஒரு பங்கைச் சாக்கடைக்கு அனுப்பிவிடும்.

பேனாவின் குறை கொட்டாஞ்சேனையில் தெரிந்தது. தெருவிலிருந்து நேரே வரும் குழாயிலும், கூரைத் தாங்கியிலிருந்து வரும் குசினிக் குழாயிலும் ஒரே எண். ஆனால் குசினித் தண்ணீரை வெள்ளைக் கோப்பையில் தெளியவிட்டால் அடியில் பழுப்பு வண்டல். இந்தக் கருவி மின்கடத்தலை அளந்து கரைந்த உப்பைக் கணிக்கிறது, அவ்வளவுதான். துரு, சேறு, கிருமி எதுவும் அதற்குத் தெரியாது. சின்ன எண்ணைப் பார்த்து நிம்மதி அடைவதும் பெரிய எண்ணைப் பார்த்து நடுங்குவதும் இரண்டும் பிழை.

அந்த வீட்டுக்கு முதலில் வேண்டியது தாங்கியைக் கழுவி இறுக்கமான மூடி போடுவது, துருப்பிடித்த இரும்புக் குழாயை மாற்றுவது. அதற்குப் பிறகும் வண்டல் வந்தால் சாதாரண வண்டல் பில்டர் போதும். குளோரின் மணம் பிடிக்காதவர்கள் கார்பன் பில்டரைக் குசினிக் குழாயில் மட்டும் பூட்டலாம். தாங்கிக்கு முன்னால் பூட்டவே கூடாது: கிருமியைத் தடுக்கும் குளோரினை அங்கேயே எடுத்துவிட்டால் தாங்கித் தண்ணீருக்குக் காவலே இல்லை. கார்பன் உருளையையும் காலத்துக்கு மாற்றாவிட்டால் அதிலேயே கிருமி வளரும்.

கடலோரக் கிணற்றை நம்பியிருக்கும் வெள்ளவத்தை வீடுகளின் கணக்கு வேறு. அங்கே பேனா உண்மையிலேயே உதவும். வரட்சி மாதங்களில் எண் ஏறினால் கடலுப்பு கலக்கிறதா என்று சந்தேகிக்கலாம். மென்னீராக்கி அந்த உப்பை எடுக்காது. கல்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுவதுதான் அதன் வேலை. இரத்த அழுத்தக்காரர் இருக்கும் வீட்டில் இதை யோசிக்க வேண்டும். உப்புக்கு ஆர்.ஓ. தான் வழி. ஆனால் நெருக்கமான குடியிருப்பில் மலக்குழி கிணற்றுக்குப் பக்கத்திலேயே இருக்கலாம். ஆகவே எந்த இயந்திரத்துக்கும் முற்பணம் கொடுக்குமுன் கிணற்றுத் தண்ணீரை ஆய்வுகூடத்தில் கொடுத்து ஈ.கோலை, நைத்திரேற்று, குளோரைட்டு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். முடிவு வரும்வரை அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ எடுக்காதீர்கள்.