இரண்டு மணி வெயிலிலும் கழற்றாத ஜாக்கெட்

காலையில் முழுத் தோல் ஜாக்கெட் மாட்டிக்கொண்ட வெல்டர், மதியச் சாப்பாடு முடிந்த பிறகும் அதைப் போட்டிருக்கிறாரா? இதைப் பார்த்தாலே பாதி விமர்சனம் முடிந்துவிடும். திருச்சி துவாக்குடிப் பக்கம் தகரக் கூரை போட்ட ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் மூன்று வகை ஜாக்கெட்டுகளை வேலையில் வைத்துப் பார்த்தபோது, முதலில் ஆணியில் தொங்கியது தோல்தான்.

தோலின் தரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மாட்டுத்தோலின் உள்ளடுக்கில் தைத்த இந்த ஜாக்கெட்டில் விழுந்த தீப்பொறி, ஒரு கறுப்புப் புள்ளியை விட்டுவிட்டு உருண்டு போகிறது. தலைக்கு மேலே கையை உயர்த்தி ராடு வெல்டிங் செய்பவருக்கு இதைவிட நல்ல காவல் கிடையாது. ஆனால் காற்று புகாது. வியர்வை சட்டையை நனைத்துவிடும், நனைந்த உடுப்போ மின்சாரத்தைத் தடுக்காது. அதனால் வெக்கை என்பது வெறும் சௌகரியப் பிரச்சினை அல்ல.

அடுத்தது, தீப்பற்றாதபடி பதப்படுத்திய பருத்தி ஜாக்கெட். லேசானது, குனிய நிமிர எளிது. டிக் வெல்டிங்கில் பொறி அதிகம் பறக்காது என்பதால் அதற்கு இதுவே தாராளம். ராடு வெல்டிங்கில் கதை வேறு. முன்கைப் பகுதியில் ஊசிமுனை ஓட்டைகள் சீக்கிரமே விழ ஆரம்பிக்கின்றன. துணி தீப்பிடிக்கவில்லை, சொன்ன வாக்கைக் காப்பாற்றுகிறது. ஓட்டை வழியே புகும் சூட்டுக்கு அது பொறுப்பல்ல.

மூன்றாவது இரண்டின் கலவை: உடம்புக்குப் பருத்தி, கைகளுக்குத் தோல். பொறி மழை விழும் இடத்தில் தோல், வியர்க்கும் முதுகில் துணி. மாலைவரை யாரும் கழற்றாத ஜாக்கெட் இதுதான். உட்கார்ந்து வேலை செய்பவர் மேலே ஒரு தோல் ஏப்ரனும் கட்டிக்கொண்டால் மடியும் தப்பிக்கும். நம் ஊர் வெயிலில் ராடு வெல்டிங் செய்பவருக்கு இதையே தயங்காமல் சொல்லலாம். தலைக்கு மேலான வேலையே அன்றாடம் என்றால் மட்டும் முழுத் தோல்.

வாங்கும்போது உள்பக்க லேபிளில் ஐஎஸ்ஓ 11611 என்ற எண்ணையும், அது வகுப்பு 1-ஆ 2-ஆ என்பதையும் பார்க்க வேண்டும். உருகிய உலோகத்தைச் சொட்டுச் சொட்டாகத் துணியில் விழவைத்து, பின்புறச் சூடு 40 டிகிரி உயர்வதற்குள் எத்தனை சொட்டு தாங்குகிறது என்று எண்ணும் சோதனை இது. வகுப்பு 1-க்குக் குறைந்தது 15 சொட்டு, வகுப்பு 2-க்கு 25. டிக் வேலைக்கு முதலாவதே போதும். பொறி தெறிக்கும் ராடு வெல்டிங்குக்கும் கேஸ் கட்டிங்குக்கும் இரண்டாவது. மேல்பையில் மூடி இல்லாத ஜாக்கெட்டை, எந்த லேபிள் ஒட்டியிருந்தாலும், திருப்பிக் கொடுத்துவிடலாம். பொறி நேராகப் போய் உட்காரும் இடம் அந்தப் பைதான்.

கையுறையில் இரண்டு ரகம் உண்டு. மெல்லிய, விரல் நன்றாக மடங்கும் பி வகை டிக்குக்கு. தடித்த ஏ வகை மற்றவற்றுக்கு. ஒரே ஜோடியில் இரண்டையும் சமாளிக்கப் பார்த்தால் ராடு வெல்டிங்கில் கை சுடும், டிக்கில் ஃபில்லர் கம்பி விரலில் நிற்காது.

இவ்வளவு செலவழித்துவிட்டு ஜாக்கெட்டுக்கு உள்ளே பாலியெஸ்டர் பனியன் போடுபவர்கள் இருக்கிறார்கள். சூட்டில் அது உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். உள்ளே சாதாரணப் பருத்திதான் போட வேண்டும். கழுத்துப் பொத்தானைத் திறந்து விட்டால் ஆர்க்கின் புற ஊதாக் கதிர், நெஞ்சுக்கு மேலே முக்கோணமாகச் சிவக்கச் சுட்டுவிடும். கண்ணுக்குக் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு ரோட்டோரத்தில் வெல்டிங் அடிப்பவருக்கு அன்று இரவே கண் மணல் விழுந்ததுபோல் உறுத்துவதும் அதே கதிரால்தான். பேன்ட் கால் மடிப்பில்லாமல் ஷூவுக்கு மேலே விழ வேண்டும். உள்ளே செருகினால் பொறி ஷூவுக்குள் இறங்கும்.

பதப்படுத்திய பருத்திக்குத் துவைப்பில்தான் ஆயுள். பிளீச்சிங் பவுடர் அந்தப் பதத்தையே அழித்துவிடும். போர்வெல் உப்புத் தண்ணீரில் கட்டி சோப்பு போட்டாலும் ஆபத்து: துணியில் படியும் சோப்புக் கசடு தானே எரியக்கூடியது. டிடர்ஜென்ட் போட்டு நன்றாக அலச வேண்டும். எண்ணெயும் கிரீஸும் ஊறிய தோல் ஏப்ரனைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குவதே சிக்கனம்.