ஆய்வு ஆணையாகும்போது

கல்விச் சீர்திருத்தம் பற்றிப் பேச்சு வந்தால் நம் நண்பர்கள் இரண்டு முனைகளில் போய் நின்றுகொள்கிறார்கள். 'ஆய்வு சொல்லுது, அதனால செய்யணும்' என்பது ஒன்று. 'எல்லாம் உலக வங்கிச் சதி' என்பது மற்றது. இரண்டுமே ஆய்வை எங்கோ முடிந்துவிட்ட பண்டமாகத்தான் பார்க்கின்றன. என் கேள்வி வேறு. மாவட்டக் கல்வி அலுவலகத்தின் வாசற்படியைத் தாண்டும்போது ஆய்வு என்னவாக மாறுகிறது?

செயல்வழிக் கற்றலை எடுத்துக்கொள்வோம். ஆந்திராவின் ரிஷிவேலியில், ஒரே வாத்தியார் பல வகுப்புகளைச் சேர்த்து நடத்தவேண்டிய கிராமப் பள்ளிகளுக்காக உருவான முறை. ஏணி, அட்டை, குழு என்று பிள்ளை தன் வேகத்தில் ஏறும். 2003இல் எம்.பி.விஜயகுமார் ஆணையராக இருந்தபோது சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்கு அது வந்தது. ஆசிரியர்கள் ரிஷிவேலிக்குப் போய்ப் பார்த்தார்கள், திரும்பி வந்து அட்டைகளைத் தாங்களே எழுதினார்கள். அதுவரை அது ஆய்வுதான். 2007இல் மாநிலம் முழுக்க விரிந்தபோது நாஞ்சில் நாட்டுக்கு வந்து சேர்ந்தது அச்சடித்த அட்டை. முறை வந்தது, முறையை உண்டாக்கிய தேடல் வரவில்லை.

விளவங்கோட்டுப் பிள்ளைக்குப் பலாப்பழம் சக்கை. மரவள்ளி மரச்சீனி. முந்திரிப்பழம் கொல்லாம்பழம். படத்தைப் பார்த்து 'சக்கை' என்கிற பிள்ளையை ஏணியின் எந்தப் படியில் நிறுத்துவது? அட்டையில் இதற்குப் பதில் கிடையாது, வாத்தியாரிடம் உண்டு. ஆனால் வாத்தியாருக்குத் தெரிந்ததற்கு 'அனுபவம்' என்று பெயர். மேலிருந்து வருவதற்கு 'ஆய்வு' என்று பெயர். இந்தப் பெயரிடலில்தான் அதிகாரம் இருக்கிறது.

அதிகாரத்தின் இன்னொரு பெயர் சராசரி. 1994இல் தொடங்கிய மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம், பெண் எழுத்தறிவு தேசியச் சராசரிக்குக் கீழிருந்த மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்தது. அந்த அளவுகோலுக்குள் குமரி வரவே இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கில் 91.75 சதவீதத்தோடு எழுத்தறிவில் மாநிலத்தின் முதல் மாவட்டம். பெருமைதான். ஆனால் பேச்சிப்பாறை மலையில் காணிக் குடியிருப்புப் பிள்ளையும், கடற்கரைப் பிள்ளையும், ரப்பர் பால் வெட்டுகிறவரின் பிள்ளையும் அந்த ஒற்றை எண்ணுக்குள் கரைந்துபோகிறார்கள். முதலிடத்தில் இருக்கிற மாவட்டத்தில் யார் போய்ப் பின்தங்கியவனைத் தேடுவார்?

எண்ணே கூடாதென்று நான் சொல்லவில்லை. கொரோனாவுக்குப் பிறகு கிராமப்புறத் தமிழ்நாட்டில் சுமார் 19,000 குழந்தைகளை அபிஜீத் சிங், மொரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் ஆராய்ந்தார்கள். இழந்த கற்றலில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு ஆறு மாதத்தில் மீண்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால்பங்கு 2021இல் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'யால் வந்தது என்று கண்டார்கள். நேர்மையான ஆய்வு. அதே ஆய்வின்படி மீதி முக்கால் பங்கைத் திட்டத்தின் கணக்கில் எழுத முடியாது. பள்ளிக்கூடம் மறுபடியும் திறந்திருந்தது, வாத்தியார் இருந்தார். மேடையில் எந்தப் பங்கு பேசப்படும் என்று உங்களுக்கே தெரியும்.

1986 கல்விக் கொள்கையின் வழி வந்த மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் நமக்குத் தேரூரில் இருக்கிறது. செயலாய்வு அதன் வேலைகளில் ஒன்று. பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே கல்வெட்டு ஆராய்ந்த கவிமணி பிறந்த ஊரும் அதுதான். வாத்தியார் ஆராயமாட்டார் என்று அந்த ஊரில் வைத்துச் சொல்ல ஒருவருக்கும் வாய் வராது. அவர்கள் எழுதுகிற செயலாய்வு நாகர்கோவில் அலுவலகத்தில் ஒரு முடிவையாவது மாற்ற வேண்டும், அலமாரிக்குப் போகக்கூடாது.

அடுத்த சுற்றறிக்கை 'ஆய்வுகளின் அடிப்படையில்' என்று தொடங்கினால், ஆசிரியர் கூட்டத்திலும் பெற்றோர் கூட்டத்திலும் நாம் எழுந்து கேட்கவேண்டியது ஒன்றுதான்: 'ஆய்வு முடிவு வேறமாதிரி வந்திருந்தா நீங்க என்ன செஞ்சிருப்பீங்க சார்?' அப்போதும் இதே ஆணைதான் வந்திருக்கும் என்றால், அங்கே நடந்தது ஆய்வு அல்ல.